மூன்றாவது கோடு

பாலத்தின் தூணில் முதலில் மஞ்சள் அடித்தோம்,
முழங்கால் உயரத்தில். அதற்கு மேல் ஆரஞ்சு.
சிவப்பு டப்பா பாதியில் தீர்ந்துவிட்டது.
பெகும்சி தன் கடைக் கதவுக்கு அடித்த மிச்சத்தைக் கொண்டுவந்தான்.
அதனால் எங்கள் ஆபத்தின் நிறம்
இடப்பக்கம் சிவப்பு, வலப்பக்கம் செங்கல்.

நகராட்சிக்கு நான்கு கடிதம் போட்டிருந்தோம்.
நான்குக்கும் ஒரே பதில்:
கடிதம் கிடைத்தது.

கோக் பாட்டிலின் கழுத்தை அறுத்துத்
தலைகீழாய்ச் செருகி, பள்ளிக்கூட ஸ்கேலை ஒட்டி
மழைமானி என்றாள் திலோஷினி.
கோவில் கூரையில் ஒன்று, மெதடிஸ்ட் சர்ச் மதிலில் ஒன்று.
மூன்றாவதை யாரோ திருடிவிட்டார்கள்,
எதற்கென்று இன்றுவரை தெரியவில்லை.

என் வேலை நோட்டு.
பகலெல்லாம் கல்லாவில் அரிசி மூட்டைக்குப் பில் போடும் கை
இரவில் எழுதும்:
எந்த வீட்டில் சக்கர நாற்காலி,
யாருக்கு இன்சுலின், அது யார் வீட்டு ஃபிரிட்ஜில்,
யாருக்குக் காது கேட்காது
(கதவைத் தட்டாதே, ஜன்னலில் டார்ச் அடி).

ஆற்றோரம் தகர வீடுகள் இருபத்தெட்டு.
"அவர்களை யார் அங்கே கட்டச் சொன்னது?"
மேட்டுத் தெருக்காரர் ஒருவர் கேட்டார்.
கூட்டம் அதோடு கலைந்துவிடும் போலிருந்தது.
தோலகெலே எழுந்தாள்:
"உங்கள் துணியைத் துவைத்துவிட்டு
நான் எங்கே போய்த் தூங்குவதாக நினைத்தீர்கள்?"
யாரோ ஆறிய டீயை மறுபடி சூடு பண்ணப் போனார்கள்.
அடுத்த வாரம் ஏழு வீடுகள் கராஜ் சாவி தந்தன.
ஏழுதான்.

ஏப்ரல், ஒரு செவ்வாய், இரவு இரண்டு மணி.
மின்சாரம் இல்லை. போன் கோபுரமும் செத்திருந்தது.
வாட்ஸப்பில் அழகாய் ஒத்திகை பார்த்ததெல்லாம்
பைக்குள் கிடந்தது, செங்கல் துண்டு போல.
உண்மையைச் சொல்லிவிடுகிறேன்:
மஞ்சள் முழுகியதை யாரும் பார்க்கவில்லை.
காவலுக்கிருந்த சாகரன் தூங்கிப்போனான்.
ஆரஞ்சில்தான் விழித்தான்.
விசில், பானை மூடி, தொண்டை.
பூபாலனின் பக்கி வண்டி கிளம்பவில்லை,
தள்ளினோம், கிளம்பியது, சேற்றில் நின்றது, மறுபடி தள்ளினோம்.

நூற்றுப் பதினொரு பேர்.
பெயருக்குப் பெயர் டிக் போட்டேன், மை ஓடியது.
"எல்லோரும் வந்தாச்சு" என்று
சத்தமாகச் சொன்னது நான்தான்.
கைதட்டினார்கள்.

"தையல்காரன் எங்கே?" என்றாள் தோலகெலே.

எந்தத் தையல்காரன்?
மூன்று நாள் முன்னால் மலாவியிலிருந்து வந்தவன்,
கடைசித் தகரத்தில் வாடகைக்கு.
பெயர் இன்னும் கேட்கவில்லை.

என் நோட்டில் இல்லை அவன்.
என் நோட்டின்படி ஒருவரும் மீதமில்லை.

பெகும்சியும் சாகரனும் கயிறு கட்டி இறங்கினார்கள்.
மார்பளவு நீரில் நின்றிருந்தான்,
தலைமேல் தையல் மெஷின்.
"அதை விடு!" என்று கத்தினோம்
ஆங்கிலத்தில், சுலுவில்,
பதற்றத்தில் எனக்கு வாயில் வந்த கொஞ்சத் தமிழில்.
அவனுடையது நான்காவது மொழி.
விடவில்லை. மெஷினோடுதான் வந்தான்.

விடிந்தபோது சிவப்புக் கோட்டுக்கு மேலே
ஒரு சாண் சேறு ஒட்டியிருந்தது.
இருபத்தெட்டில் பதினாறு வீடுகள் இல்லை.
மூன்றாம் நாள் ஒருவர் கராஜ் சாவியைத் திருப்பிக் கேட்டார்,
கார் வெயிலில் காய்கிறதாம்.
கொடுத்தோம்.

அவன் பெயர் சிகோண்டி.
எழுத்துக் கூட்டச் சொல்லி எழுதிக்கொண்டேன்.

இப்போது ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும்
எண் மட்டும் போட்டு ஒரு வரி காலியாக விடுகிறேன்.
ஒத்திகையில் அந்த எண் வந்தால்
ஒருவர் டார்ச்சோடு கடைசித் தகரம் வரை நடந்து
பார்த்துவிட்டு வர வேண்டும்.
பெரும்பாலும் யாரும் இருப்பதில்லை.
போன வாரம் ஒரு நாய் இருந்தது.
அதையும் எழுது என்கிறான் சாகரன்.